பழைய சென்ட்ரல் சக்ஷனுக்கு மாற்று இணைப்புகள் தேடுதல்: ஓர் ஆய்வு

மைய உறிஞ்சமைப்பு என்பது ஓர் அறையில் பம்பை நிறுத்தி, சுவருக்குள் குழாய்களை ஓட்டி, பல இடங்களில் வாய்களைத் திறந்துவைத்து, தேவைப்படும் இடத்தில் கருவியைச் செருகி உறிஞ்சிக்கொள்ளும் ஏற்பாடு. வட அமெரிக்க வீடுகளில் அது தரைத் தூசியை இழுக்கிறது. பல் மருத்துவ நாற்காலியில் உமிழ்நீரையும் தண்ணீரையும் இழுக்கிறது. மருத்துவமனையில் நோயாளியின் மூச்சுக்குழாயிலிருந்து சளியையும், அறுவை மேசையில் இரத்தத்தையும் இழுக்கிறது. தமிழ்நாட்டில் முதல் வகை அரிது. மற்ற இரண்டும் ‘சென்ட்ரல் சக்ஷன்’ என்ற பெயரில் மருத்துவமனைகளில் அன்றாடம் புழங்குகின்றன.

இந்த அமைப்பின் உறுப்புகளுக்கு ஒரே ஆயுள் கிடையாது. சுவருக்குள் ஓடும் செம்புக் குழாய் பல பத்தாண்டுகள் நிற்கும். பம்பைப் பழுது பார்த்துப் பழுது பார்த்து நீண்ட காலம் ஓட்டலாம். ஆனால் சுவர் வாயில் செருகும் புரோப், ரெகுலேட்டர், ஜார், மூடி வளையம், ரப்பர் டியூப் ஆகியவை சில ஆண்டுகளிலேயே தேய்ந்தும் விரிந்தும் உடைந்தும் போகின்றன. கட்டடம் பழையதாக ஆக, அதன் வாய்க்குப் பொருந்தும் கருவி கடையில் அரிதாகிறது. மாற்று இணைப்பைத் தேடும் வேலை அப்போதுதான் தொடங்குகிறது.

சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகர் இந்தக் கேள்விக்கு ஏற்ற இடம். 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1980இல் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியையும் 1985இல் மருத்துவக் கல்லூரியையும் தொடங்கியது. 2013இல் பல்கலைக்கழகம் அரசின் நிர்வாகத்துக்கு வந்தது. 2021இல் மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் மாநில சுகாதாரத் துறையிடம் ஒப்படைக்கப்பட்டு, கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாயின. பல பத்தாண்டுகளில் கட்டடம் கட்டடமாக விரியும் எந்தப் பெரிய மருத்துவமனையிலும், ஒவ்வொரு காலத்தின் ஒப்பந்ததாரரும் அப்போது கிடைத்த வகை வாய்களைச் சுவரில் பொருத்திவிட்டுப் போயிருப்பார். ஒரே வளாகத்தில் இரண்டு மூன்று வகை வாய்கள் இருப்பதற்கு இதுவே பொதுவான காரணம்.

வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு

உறிஞ்சித் துப்புரவு செய்யும் பொறியை 1901இல் இலண்டனில் ஹியூபர்ட் செசில் பூத் செய்து காட்டினார். அது குதிரை வண்டியில் வந்து தெருவில் நிற்கும். நீண்ட குழாய்கள் சன்னல் வழியாக வீட்டுக்குள் போகும். கட்டடத்துக்குள்ளேயே நிலையான குழாய் ஓட்டும் முறையை டேவிட் கென்னி அமெரிக்காவில் வளர்த்தார். பிட்ஸ்பர்க் நகரின் ஃப்ரிக் கட்டடத்தில் 1902இல் அது பொருத்தப்பட்டது. கையில் தூக்கிச் செல்லும் மின் கருவி பிறகு சந்தையைப் பிடித்துக்கொண்டாலும், மைய அமைப்பு அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டு வசதியாக நிலைத்தது.

வீட்டு அமைப்பில் மாற்றுப் பொருள் கிடைப்பது பெரும்பாலும் எளிது. அங்கே குழாய் 2 அங்குல வெளிவிட்டமுள்ள மெல்லிய பிவிசி. சுவர் வாய் ஏறத்தாழ 1½ அங்குலம். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் இந்த அளவையே பின்பற்றியதால், ஒரு நிறுவனத்தின் ஹோஸ் இன்னொரு நிறுவனத்தின் வாயில் உட்கார்ந்துவிடும். சிக்கல் இரண்டு இடங்களில் வரும்: ஹோஸின் கைப்பிடியிலிருந்து மோட்டாரை இயக்கும் குறைமின்னழுத்தத் தொடர்பிலும், தரைத் தூரிகையைச் சுழற்றும் மின் இணைப்பிலும். பிளம்பிங் கடையில் கிடைக்கும் தடித்த பிவிசி இதற்குச் சேராது. அதன் வெளிவிட்டம் வேறு. டொராண்டோவைச் சுற்றிப் பழைய வீடு வாங்கும் தமிழர்கள் இந்த மூன்றையும் பார்த்துக்கொண்டால் போதும்.

மருத்துவமனையின் நிலைமை இதற்கு நேர் எதிரானது. அங்கே ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருப்பதே வேண்டுமென்று செய்யப்பட்ட ஏற்பாடு. படுக்கைக்குப் பின்னால் உள்ள பலகையில் ஆக்சிஜன், மருத்துவக் காற்று, வேக்குவம் (உறிஞ்சல்) ஆகிய வாய்கள் அடுத்தடுத்து இருக்கும், அறுவை அரங்கில் நைட்ரஸ் ஆக்சைடும் சேரும். அவசரத்தில் ஒரு கருவி தவறான வாயில் ஏறிவிடக் கூடாது. ஆகவே ஒவ்வொரு வாயுவுக்கும் ஒரு வடிவம் வகுக்கப்பட்டது. அந்த வடிவத்தை நாட்டுக்கு நாடு வெவ்வேறாக வகுத்ததுதான் இன்றைய தேடலைக் கடினமாக்குகிறது.

இணைப்பின் உறுப்புகள்

சுவரிலிருந்து நோயாளி வரை உள்ள தொடரைப் பிரித்துப் பார்த்தால் எது மாற வேண்டும், எது மாறத் தேவையில்லை என்பது விளங்கும்.

முதலில் சுவர் வாய், அதாவது அவுட்லெட். குழாயோடு பற்றவைக்கப்பட்ட அடிப்பகுதி ஒன்று, அதன்மேல் பொருத்திய வால்வுப் பகுதி ஒன்று என அது இரண்டு துண்டு. அதில் செருகுவது புரோப். புரோப் திருகி நிற்கும் கருவி ரெகுலேட்டர். அதில் குமிழும் அளவுமானியும் இருக்கும். ரெகுலேட்டருக்கும் ஜாருக்கும் நடுவே கிருமி வடிகட்டியும் சிறிய பாதுகாப்புப் புட்டியும் இருக்க வேண்டும். அடுத்து ஜார், அதன் மூடி, மூடிக்குள் ஜார் நிறைந்ததும் உறிஞ்சலை அடைக்கும் மிதவை. கடைசியில் டியூப், அதன் முனையில் கதீட்டர் என்னும் மெல்லிய குழல் அல்லது வாயிலிருந்து உறிஞ்சும் விறைப்பான யாங்காவர் முனை.

இவற்றில் சுவர் வாயின் வடிவத்தால் கட்டுண்டது புரோப் ஒன்றுதான். ரெகுலேட்டர், ஜார், டியூப் யாவும் பெரும்பாலும் பொதுவானவை. ‘எங்கள் சக்ஷன் யூனிட்டுக்கு ஸ்பேர் கிடைக்கவில்லை’ என்று முழு யூனிட்டையும் கழித்துக்கட்டும் பல இடங்களில், உண்மையில் கிடைக்காதது கைவிரல் அளவுள்ள ஒரு பித்தளைப் புரோப்பாகவோ மூடிக்குள் உட்காரும் ஒரு ரப்பர் வளையமாகவோ இருக்கும்.

மூடி வளையத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஜாரைத் தினமும் கழற்றிக் கழுவி, ஹைப்போகுளோரைட் கிருமிநாசினியில் ஊறவைத்துத் திரும்ப மூடுவதால் வளையம் விறைத்து, ஓரங்களில் மயிரிழை வெடிப்புகள் விடுகிறது. மூடி இறுகியது போலத் தோன்றும். ஆனால் வெடிப்புகளின் வழியாக வார்டுக் காற்று உள்ளே ஏறிக்கொண்டே இருக்கும். அளவுமானி பாதிக்குமேல் எழாது. பழி பம்பின் மேல் விழும். வளையத்தின் உள்விட்டத்தையும் தடிமனையும் காலிப்பரால் அளந்து, அதே அளவில் சிலிக்கான் வளையம் வாங்கிப் போட்டால் யூனிட் உயிர் பெறும்.

வாய்களின் வகைகள்

இந்திய மருத்துவமனைகளில் சந்திக்க நேரும் வாய்களைச் சில குடும்பங்களாக வகுக்கலாம்.

பிரிட்டிஷ் முறை, பி.எஸ். 5682. இதில் புரோப்பின் கழுத்தில் உள்ள வளையத்தின் விட்டம் வாயுவுக்கு வாயு மாறும். உரிய வாயில் மட்டுமே வளையம் உள்ளே இறங்கும். ஜெர்மன் முறை, டின் 13260. இதில் செருகும் பகுதியின் வடிவமே வாயுவைப் பிரித்துக் காட்டும். பிரெஞ்சு அஃப்னோர் முறையும் ஸ்வீடனில் தோன்றிய முறையும் சில இடங்களில் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்தவை ஓமேடா, கெமெட்ரான், பியூரிட்டன் பென்னெட் ஆகிய நிறுவனப் பெயர்களாலேயே அறியப்படுகின்றன. ஊசிகளின் இருப்பிடத்தாலோ வெட்டுகளின் வடிவத்தாலோ அவை வேறுபடுகின்றன. இவற்றோடு, திருகிப் பொருத்தும் டி.ஐ.எஸ்.எஸ். முறையும் உண்டு. அதில் எண்ணே அடையாளம்: வேக்குவத்துக்கு 1220, ஆக்சிஜனுக்கு 1240, மருத்துவக் காற்றுக்கு 1160, நைட்ரஸ் ஆக்சைடுக்கு 1040.

சுவர் வாய்களின் பாதுகாப்பு விதிகளை ஐ.எஸ்.ஓ. 9170 என்னும் பன்னாட்டுத் தரநிலை பொதுவாக்கியிருக்கிறது; ஒரே வடிவத்தை அது எந்த நாட்டின்மீதும் சுமத்தவில்லை. ஆகவே ‘ஐ.எஸ்.ஓ. தரம்’ என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்கிய புரோப் வார்டின் வாயில் சேரும் என்பதற்கு உறுதியில்லை. கேட்க வேண்டியது எந்த நாட்டு வடிவம் என்பது.

நிறம் தரும் ஏமாற்றம்

வடிவத்துக்கு அடுத்தபடி ஊழியர்கள் நம்புவது நிறத்தை. பழைய அமைப்புகளில் மிகுந்த எச்சரிக்கை வேண்டிய இடம் இதுவே.

பன்னாட்டு முறையிலும் பிரிட்டிஷ் முறையிலும் வேக்குவத்துக்கு மஞ்சள், ஆக்சிஜனுக்கு வெள்ளை. அமெரிக்க முறையில் மருத்துவக் காற்றுக்கு மஞ்சள், வேக்குவத்துக்கு வெள்ளை, ஆக்சிஜனுக்குப் பச்சை. குழாய்களுக்குப் பூசும் நிறத்தில் இந்திய வழக்கம் இன்னொன்று: மருத்துவமனை டெண்டர்கள் பின்பற்றும் ஐ.எஸ். 2379 முறையில் ஆக்சிஜன் குழாய் மஞ்சள் தரையில் வெள்ளைப் பட்டை, வேக்குவம் குழாய் வான்நீலத் தரையில் கறுப்புப் பட்டை. ஆக, ஒரே கட்டடத்தின் கூரைக்கடியில் ஓடும் மஞ்சள் குழாய் ஆக்சிஜனையும், கீழே சுவரில் உள்ள மஞ்சள் வாய் வேக்குவத்தையும், எங்கிருந்தோ நன்கொடையாக வந்த அமெரிக்கக் கருவியின் மஞ்சள் ஹோஸ் காற்றையும் குறிக்கக்கூடும்.

நிறத்தை மட்டும் பார்த்து இணைப்பை மாற்றுவது உயிரோடு விளையாடுவது. உறிஞ்ச வேண்டிய டியூபில் 4 பார் அழுத்தக் காற்று பாய்ந்தால் நுரையீரல் கிழியும். வாயுக் குழாய்கள் மாறிப்போவதன் விளைவை 2016இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பாங்க்ஸ்டவுன்-லிட்கோம் மருத்துவமனை கண்டது. ஆக்சிஜன் வாயில் நைட்ரஸ் ஆக்சைடு வந்ததால் பிறந்த குழந்தை ஒன்று இறந்தது. இன்னொரு குழந்தைக்கு மூளை கடுமையாகப் பாதிக்கப்பட்டது. அங்கே வாயில் எழுதியிருந்த பெயர் சரியாகத்தான் இருந்தது. பின்னால் வந்த குழாய்தான் தவறு.

மரையில் ஒளியும் கசிவு

புரோப் கிடைத்தாலும் அதை ரெகுலேட்டரில் திருகும் இடத்தில் இன்னொரு பொறி காத்திருக்கிறது. ரெகுலேட்டர்களில் ⅛ அங்குல மரை பரவலாக உண்டு. அது அமெரிக்க என்.பி.டி. ஆகவும் இருக்கலாம், பிரிட்டிஷ் பி.எஸ்.பி. ஆகவும் இருக்கலாம். முதலாவதில் ஓர் அங்குலத்துக்கு 27 மரை, மரைக் கோணம் 60 பாகை. இரண்டாவதில் 28 மரை, கோணம் 55 பாகை. ஒன்றை மற்றொன்றில் திருகினால் இரண்டு மூன்று சுற்று நன்றாகவே ஏறும். பிறகு இறுகும். டெஃப்லான் நாடாவைச் சுற்றி ஸ்பேனரால் அழுத்தினால் சேர்ந்துவிட்டது போலவே இருக்கும். ஆனால் மரைகள் முழுதாகப் படியாததால் சிறு கசிவு நிற்காது. பித்தளை மரை நசுங்கி ரெகுலேட்டரும் கெடும். மரை அளவுத் தகடு ஒன்றைப் பராமரிப்புப் பிரிவில் வைத்திருந்தால் இந்த நட்டம் நேராது. அதன் விலை சிறிது. கெடும் ரெகுலேட்டரின் விலை பெரிது.

அடையாளம் காணும் ஒழுங்கு

தேடலைக் கடையிலிருந்து தொடங்காமல் சுவரிலிருந்து தொடங்க வேண்டும். வாயின் முகப்பில் தரநிலை எண், தயாரிப்பாளர் பெயர், வாயுவின் பெயர் அச்சிட்டிருக்கும். பெயிண்ட் அடித்து மறைந்திருந்தால் மெதுவாகச் சுரண்டிப் பார்க்கலாம். அடுத்து, அதே வாயில் இன்றுவரை ஒழுங்காகப் பொருந்தும் பழைய புரோப் ஒன்றைக் கழற்றி, அதன் ஒவ்வொரு படியின் விட்டத்தையும் நீளத்தையும் அளந்து எழுத வேண்டும். அளவுகோல் தெரியும்படி வாயையும் புரோப்பையும் நேராகவும் பக்கவாட்டிலும் படம் எடுக்க வேண்டும். விற்பவரிடம் தொலைபேசியில் ‘வேக்குவம் புரோப் ஒன்று’ என்று கேட்பதற்கும் இந்தப் படங்களை அனுப்பிக் கேட்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு.

இதை வார்டு வார்டாகச் செய்து, எந்த அறையில் எத்தனை வாய், எந்த வகை, எந்த ஆண்டு, கடைசியாக எப்போது சோதித்தது என்று ஒரு பதிவேடு எழுதினால் பாதி வேலை முடிந்துவிடும். பல மருத்துவமனைகளில் இந்த அறிவு கேஸ் பிளான்ட்டில் நெடுநாள் வேலை பார்த்த ஓர் ஊழியரின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அவர் ஓய்வு பெறும் நாளில் அதுவும் போய்விடுகிறது. நிர்வாகம் கைமாறும் நிறுவனங்களில் பழைய பில்களும் வரைபடங்களும் தொலைவது இயல்பு. அங்கே இந்தப் பதிவேட்டின் தேவை இரட்டிப்பாகிறது.

கிடைக்கும் வழிகள்

வழிகள் நான்கு. முதலாவது, அசல் தயாரிப்பாளர் அல்லது அவருடைய இந்திய முகவர். மருத்துவ வாயு நிறுவனங்கள் கைமாறியும் இணைந்தும் பெயர் மாறியுள்ளதால், பழைய பெயரின் இன்றைய உரிமையாளர் யார் என்று முதலில் அறிய வேண்டும். இரண்டாவது, இந்தியத் தயாரிப்பாளர்கள். பி.எஸ்., டின், ஓமேடா வடிவங்களில் புரோப்புகளும் வார்டு வேக்குவம் யூனிட்டுகளும் உள்நாட்டிலேயே செய்யப்படுகின்றன. சிதம்பரத்திலிருந்து சென்னைச் சந்தையை எட்டுவது கடினமன்று. மூன்றாவது, புதுப்பிக்கப்படும் பிற மருத்துவமனைகளில் கழற்றப்படும் பழைய பாகங்கள். இவற்றைக் கிருமி நீக்கி, வளையங்களை மாற்றி, சோதித்த பிறகே பயன்படுத்தலாம். நான்காவது, லேத்தில் கடைந்து செய்துகொள்வது.

நான்காவது வழி கவர்ச்சியானது. கடலூர் மாவட்டத்தில் திறமையான லேத் பட்டறைகளுக்குக் குறைவில்லை. ஜார் தாங்கி, சுவர்க் கொக்கி, டியூப் இணைக்கும் முனை போன்றவற்றைக் கடைந்துகொள்வதில் தவறில்லை. சுவர் வாயில் செருகும் புரோப்பை மட்டும் அப்படிச் செய்யக் கூடாது. அந்த வடிவத்தின் வேலையே தவறான வாயில் ஏறாமல் இருப்பது. அரை மில்லிமீட்டர் குறைத்துக் கடைந்த புரோப் ஆக்சிஜன் வாயிலும் ஏறிவிடலாம். மேலும் 2017ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிகள் விதிகளும், 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவக் கருவிகளையும் அவற்றின் கீழ்க் கொண்டுவந்த அறிவிப்பும், நோயாளிக்குப் பயன்படும் கருவியைச் செய்பவருக்குப் பொறுப்பை விதிக்கின்றன.

அரசு மருத்துவமனைகளுக்குத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தையும் பெரிய கருவிகளையும் வாங்கித் தருகிறது. சிறு பாகங்களை அந்தந்த மருத்துவமனையே விலைப்புள்ளி பெற்று வாங்க நேரும்போது, விலைப்புள்ளிக் கோரிக்கையில் ‘சக்ஷன் யூனிட்’ என்று மட்டும் எழுதினால் மிகக் குறைந்த விலைக்காரரின் எந்த வடிவமும் வந்து இறங்கலாம். தரநிலை எண், மரை வகை, நிறம், மாதிரியோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் உரிமை ஆகிய நான்கையும் எழுத வேண்டும். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் புரோப், வளையம், டியூப் அடங்குமா என்பதையும் வெளிப்படையாகக் கேட்க வேண்டும். பெரும்பாலும் அவை ‘தேய்மானப் பொருள்’ என்று விலக்கப்பட்டிருக்கும்.

அடாப்டர்

ஒரு வகை வாயில் இன்னொரு வகைக் கருவியைப் பொருத்த அடாப்டர்கள் கிடைக்கின்றன. ஒரே வாயுவுக்குரியதாக, தயாரிப்பாளரே செய்ததாக இருந்தால் தற்காலிகமாகப் பயன்படுத்தலாம். நிரந்தரத் தீர்வாக அவை தகா. ஒவ்வோர் அடாப்டரும் கசியக்கூடிய இடங்களைக் கூட்டுகிறது, சுவரிலிருந்து கருவியை முன்னால் தள்ளி அதன் எடையை வாயின் மேல் ஏற்றுகிறது, வாய் தளர்கிறது. அடாப்டர்கள் பெருகிய வார்டில் எது எதில் சேரும் என்பது செவிலியருக்கே குழப்பமாகிறது. நெருக்கடி நேரத்தில் அந்தக் குழப்பத்தின் விலை நோயாளியின் மூச்சு.

பல் மருத்துவத்தின் தனிக்கணக்கு

பல் மருத்துவ சக்ஷன் வேறு வகை. மருத்துவமனை வேக்குவம் ஆழ்ந்த உறிஞ்சலையும் குறைந்த காற்றோட்டத்தையும் தருகிறது. பல் நாற்காலிக்கு உறிஞ்சல் குறைவாகவும் காற்றோட்டம் மிகுதியாகவும் வேண்டும். ஆகவே ஒன்றின் பம்பில் மற்றொன்றைப் பொருத்துவது பயன் தராது. முனைகளின் அளவும் வேறு: ஐரோப்பிய நாற்காலிகளில் பெரிய முனைக்கு 16 மி.மீ., அமெரிக்க வகையில் 11 மி.மீ., உமிழ்நீர் உறிஞ்சிக்கு 6 மி.மீ. இங்கே வாயுக் குழப்பத்துக்கு இடமில்லாததால் அளவு மாற்றும் உறைகளைத் தயங்காமல் பயன்படுத்தலாம். கவனிக்க வேண்டியது வடிகட்டி. பழைய பல் அடைப்புகளில் உள்ள பாதரசக் கலவை கழிவில் சேராமல் பிரிக்கும் கருவி இணைப்போடு பொருந்த வேண்டும்.

பொருத்திய பின் சோதனை

புதிய இணைப்பை நோயாளியிடம் கொண்டுபோகும் முன் மூன்று சோதனைகள் தேவை.

ஒன்று, சுவர் வாயில் அளவுமானியை நேராகச் செருகிப் பார்ப்பது. பிரிட்டிஷ் வழிகாட்டுதலின்படி நிமிடத்துக்கு 40 லிட்டர் காற்று ஓடும்போதும் வாயில் 300 மி.மீ. பாதரச அளவுக்குக் குறையாத உறிஞ்சல் இருக்க வேண்டும். அமெரிக்க விதியின் 12 அங்குலமும் ஏறக்குறைய அதே அளவுதான். இங்கே குறைந்தால் குற்றம் இணைப்பில் இல்லை. வாயிலோ குழாயிலோ பம்பிலோ இருக்கிறது. ஜார் நிறைந்து வழிந்த திரவம் வாய்க்குள் ஏறி உலர்ந்து அடைத்திருப்பது அடிக்கடி காணும் காரணம். பாதுகாப்புப் புட்டியையும் வடிகட்டியையும் ‘கிடைக்கவில்லை’ என்று விட்டுவிட்ட யூனிட்டுகளால் வரும் கேடு இது.

இரண்டு, யூனிட்டை முழுதாகப் பொருத்தி டியூப் முனையை மடக்கிப் பிடிப்பது. அளவுமானியின் முள் ஏறி அசையாமல் நிற்க வேண்டும். இறங்கினால் ரெகுலேட்டருக்குக் கீழே கசிவு.

மூன்று, குமிழ் சிறிய அளவிலும் நிலையாகக் கட்டுப்படுகிறதா என்று பார்ப்பது. பெரியவரின் மூச்சுக்குழாய் உறிஞ்சலுக்கு 80 முதல் 150 மி.மீ. வரையும், பச்சிளங் குழந்தைக்கு 60 முதல் 100 மி.மீ. வரையும் வழக்கம். சுவரில் உள்ள முழு உறிஞ்சல் குழந்தையின் மூச்சுக்குழாய்ச் சவ்வைப் புண்ணாக்கிவிடும். குறைந்த அளவில் தள்ளாடும் ரெகுலேட்டர் குழந்தைகள் வார்டுக்குத் தகாது, மற்ற எல்லாம் பொருந்தினாலும்.

டியூபும் கதீட்டரும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியவை. பயன்படுத்திய பிளாஸ்டிக் டியூப் 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகளின்படி சிவப்புப் பைக்குரியது. ‘பழைய வகை, இனிக் கிடைக்காது’ என்று அவற்றைக் கழுவிச் சேமிப்பதற்கு நியாயமே இல்லை. டியூபில் பழைய வகை என்று ஒன்று கிடையாது. உள்விட்டம் பொருந்தினால் போதும்.

செப்பனிடுவதா, மாற்றுவதா

ஒரு வார்டில் ஒன்றிரண்டு புரோப்புகள் மட்டும் போயிருந்தால் வாங்கிப் போடுவதே சரி. வாயின் வால்வுப் பகுதி தளர்ந்து, செருகிய புரோப் தொங்கினால், வாயின் உட்பாகத் தொகுப்பை மாற்ற வேண்டும். கடலோர மாவட்டத்தின் உப்புக் காற்றில் உள்ளிருக்கும் சிறு சுருள்வில்கள் துருப்பிடிப்பது இந்த நிலையை விரைவுபடுத்துகிறது. அந்த வகைக்கு உட்பாகமே கிடைக்காதபோது, அந்த வார்டின் எல்லா வாய்களையும் ஒரே நேரத்தில் ஒரே தரநிலைக்கு மாற்றுவதே முறை. ஒரு படுக்கைக்குப் பிரிட்டிஷ் வாய், அடுத்த படுக்கைக்கு ஜெர்மன் வாய் என்று துண்டு துண்டாக மாற்றினால் நாளைய தேடல் இன்றையதைவிடக் கடினமாகும். வேக்குவம் வாய்கள் பலவற்றில் பராமரிப்பு வால்வு தனியே இராது; வேலை நடக்கும்போது அந்தப் பகுதியின் உறிஞ்சல் குறையும் என்பதால் மாற்று ஏற்பாடு முன்கூட்டியே வேண்டும்.

அந்த மாற்று ஏற்பாடு எந்நாளும் தயாராக இருக்க வேண்டியதே. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியபோது மாவட்டத்தின் மின்கட்டமைப்பு சாய்ந்து, பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. மின்சாரமும் ஜெனரேட்டரும் நின்றால் மைய பம்பும் நின்றுவிடும். ஒவ்வொரு பிரிவிலும் பாட்டரியால் இயங்கும் சக்ஷனும் காலால் மிதிக்கும் சக்ஷனும் இருக்க வேண்டும். அவற்றின் டியூபும் ஜாரும் சுவர் யூனிட்டுக்கும் பொருந்தும் அளவில் வாங்கப்பட்டால் இரண்டு கையிருப்பு தேவையில்லை.

மொத்தத்தில், பழைய மைய அமைப்புக்கு இணைப்பு முற்றிலும் கிடைக்காமல் போவது அரிது. எந்த நாட்டு வடிவம், எந்த மரை, எந்த அளவு என்று சொல்லத் தெரியாததே தேடலை நீட்டுகிறது. கிடைக்காத புரோப் ஒரு படுக்கையைச் சில நாள் முடக்கும். பொருந்துவது போலத் தோன்றும் தவறான புரோப் அந்தப் படுக்கையில் இருப்பவரின் உயிரை எடுக்கும். ஆகவே பதிவேடு முதலில், தரநிலை எழுதிய கொள்முதல் அடுத்து, சோதனை கடைசியில் என்ற ஒழுங்கை மருத்துவமனை கைவிடக் கூடாது. அடாப்டர் இடைக்காலத்துக்கு மட்டும். வார்டு முழுவதும் ஒரே வகை வாய் என்பதே முடிந்த தீர்வு.